பொங்கலன்று காரியவட்டம்

முதல் நாள்: 13 ஜனவரி 2023, வெள்ளி

நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனுக்குள் நுழையும்போது இன்னும் முழுசாக விடியவில்லை. பொங்கல் கூட்டம், கதவுப் பக்கம் பைக்கு மேல் பை. வாசலில் மாமா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியோடு நின்றிருந்தார். "என்ன மருமவனே, டிக்கெட்ட பத்திரமா வச்சிருக்கியா?" சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டது இதைத்தான்.

ரயில் டிக்கெட்டைக் கேட்கவில்லை. நாளை மறுநாள், பொங்கலன்று, திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் மோதும் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். மாமாவுக்கும் மச்சினனுக்கும் எனக்குமாக மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். மேல் அடுக்கு, ஆள் ஒன்றுக்கு 1,000 ரூபாய், வரி சேர்த்து 1,300.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சேப்பாக்கம் ஒரு ராத்திரி ரயில் பயணம். சுமார் 650 கிலோமீட்டர். காரியவட்டத்துக்கு நாகர்கோவில் வழியாகக் காரில் போனால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சர்வதேச ஸ்டேடியம் அதுதான். நடுவில் களியக்காவிளையில் ஒரு மாநில எல்லை இருப்பதால் அப்படி யாருக்கும் தோன்றுவதில்லை. மாமாவுக்கு மட்டும் 35 வருஷமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

மாமாவுக்கு 60 வயது. பாளையங்கோட்டையில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாழ்க்கையில் நேரில் பார்த்த சர்வதேச ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். 1988. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சேப்பாக்கம் பொங்கல் டெஸ்ட்டில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டிலேயே 16 விக்கெட் எடுத்து வெஸ்ட் இண்டீஸைச் சாய்த்திருந்தார். பத்து நாள் கழித்து, ஜனவரி 25 அன்று, அதே வெஸ்ட் இண்டீஸோடு திருவனந்தபுரத்தில் ஒருநாள் ஆட்டம். மாமா முந்தின ராத்திரி பஸ் ஏறி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுத்து, காலையில் நடந்தே பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறார். அந்த இடத்துக்குப் பெயரும் பாளையம்தான். "பாளையங்கோட்டையில ஏறி பாளையத்துல எறங்குனேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அன்றைக்கு சீக்கா, அதாவது நம்ம ஸ்ரீகாந்த், 101. இந்தியா 239 எடுத்தும் வெஸ்ட் இண்டீஸ் ஒரே விக்கெட்டை இழந்து அடித்து முடித்துவிட்டார்கள். ஃபில் சிம்மன்ஸ் சதம், கிரீனிட்ஜ் 84. தோற்ற ஆட்டம்தான். ஆனால் மாமா அதைச் சொல்லும்போது ஜெயித்த ஆட்டம் மாதிரிதான் இருக்கும். அதுவரை அவருக்குக் கிரிக்கெட் என்றால் வானொலி. தமிழ் வர்ணனை என்றாலே சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். "அவரு குரல்ல கேட்டதெல்லாம் அன்னைக்குத்தான் கண்ணுல பாத்தேன்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

அதற்கப்புறம் 29 வருஷம் அந்த நகரத்துக்குச் சர்வதேச ஆட்டமே வரவில்லை. இதை இன்றைக்கு எழுதி வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தைப் பார்க்கும்போது மனதில் இருக்க வேண்டும் என்பதற்காக.

அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பொங்கலும் அதுவுமாக வீட்டு ஆம்பிளைகள் ஊரில் இல்லாமல் போவதா? கடைசியில் ஓர் ஒப்பந்தம். விடிவதற்கு முன் பொங்கல் பொங்கி, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: 14 ஜனவரி, சனி

போகி. தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த வாசனை. மாமா என்னைத் தாழையூத்துக்குக் கூட்டிப் போனார். பெரிய ஸ்டேடியத்தைப் பார்ப்பதற்கு முன் நம் மைதானத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஜங்ஷனிலிருந்து மதுரை ரோட்டில் பத்து கிலோமீட்டர் போல இருக்கும். தாழையூத்து சங்கர் நகர், சிமெண்ட் ஆலைக்காக உருவான ஊர். இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயர் பெயரில்தான் ஊரே இருக்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் மைதானம். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை, நத்தம், திருநெல்வேலி என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திருநெல்வேலி என்றால் இந்த மைதானம். போன ஜூன் 23 அன்று சீசனின் முதல் ஆட்டமே இங்கேதான். நெல்லை அணியும் சேப்பாக்கம் அணியும் ஆளுக்கு 184 எடுத்து சமன் ஆக, ஆளுக்கு ஒரே ஓவர் ஆடித் தீர்க்கிற சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. மாமா அன்றைக்குக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லையாம்.

மைதானத்தில் வேலை செய்கிற ஒருவர் மாமாவிடம் படித்தவர். அவர் சொல்லி உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பொங்கல் விடுமுறை, ஆளே இல்லை. அவர் மட்டும் பிட்ச் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பந்து போடுகிறவர்களின் கால் விழுந்து விழுந்து பள்ளமான இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார். ஈரக் களிமண்ணைச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து, பள்ளத்தில் வைத்து, மரக்கட்டையால் தட்டி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி தட்டி. பார்க்க அவ்வளவுதான். ஆனால் ஒரு பள்ளத்துக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். அவசரப்பட்டால் காய்ந்ததும் பொருக்கு மாதிரி பெயர்ந்து வந்துவிடுமாம்.

"பிட்ச்சுன்னா புல்லுன்னு நெனைக்கான் பாதிப் பேரு. மண்ணுதான் எல்லாம்" என்றார் மாமா. களிமண் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குப் பந்து எழும்பும். தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, காயவிட்டு, மறுபடி தண்ணீர், மறுபடி ரோலர். புல்லின் வேர் அந்த மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். மாமா குனிந்து கட்டை விரல் நகத்தால் பிட்ச்சை அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவே இல்லை.

இந்த மாதிரி மைதானங்கள் என்ன செய்யும் என்பதற்கு நடராஜன் போதும். சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டிப் பையன். 2016இல் இந்த லீக்கில் திண்டுக்கல்லுக்காக ஒரு சூப்பர் ஓவரில் மட்டைக்காரரின் காலடியில் விழுகிற யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். நான்கே வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். வாஷிங்டன் சுந்தர் 2017இல் தூத்துக்குடி அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி வெளுத்து வாங்கியது மாமாவுக்கு மனப்பாடம். நாளைக்கு அவரை ஆட்டத்தில் எடுப்பார்கள் என்று உறுதியாகச் சொல்கிறார். "நம்ம பக்கத்து டீம்ல ஆடுன பையன், கோலி ரோஹித்தோட எறங்குறத பாத்துருவோம்."

அப்படியானால் இந்தியாவே இங்கே வந்து ஆடக்கூடாதா? கேட்டேவிட்டேன். பிட்ச் அடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். மாமா விரல் விட்டு எண்ணினார். இரண்டு அணியும் நடுவர்களும் டிவிக்காரர்களும் தங்குகிற அளவுக்குப் பெரிய ஹோட்டல்கள் வேண்டும். வீரர்களோடு பெரிய விமானம் இறங்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் வாகைகுளம் விமான நிலையத்தில் சின்ன விமானம்தான் இறங்குகிறது. டிவிக்கு ஒத்துவருகிற விளக்கு, பத்திரிகைக்காரர்களுக்கு இடம், ஊக்கமருந்து சோதனைக்குத் தனி அறை, பல்லாயிரம் பேர் உட்கார இருக்கை. திருவனந்தபுரத்தில் விமான நிலையமும் இருக்கிறது, ஸ்டேடியமும் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கிறது.

நியாயம்தான். ஆனால் அந்த இருபது நிமிஷக் களிமண்ணைப் பார்த்தபின் எனக்குச் சின்ன மைதானம், பெரிய மைதானம் என்று பிரித்துப் பேச வாய் வரவில்லை.

மூன்றாம் நாள்: 15 ஜனவரி, ஞாயிறு, பொங்கல்

(வீடு வந்து சேரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. மறுநாள் காலையில் எழுதுகிறேன்.)

நாலரை மணிக்கே அத்தை எழுப்பிவிட்டாள். முற்றத்தில் கோலம், குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் கரும்பு. பனை ஓலையை ஒவ்வொன்றாகச் செருகி எரித்தார்கள். ஓலை படபடவென்று வெடித்துப் பிடித்துக்கொள்ளும்போது முகத்தில் அடிக்கிற சூடு, சென்னையில் கேஸ் அடுப்பில் பொங்கும் பொங்கலில் கிடைக்கவே கிடைக்காது. பால் பொங்கியதும் குலவை. சிறுகிழங்கு பொரியல், கிழங்கெல்லாம் போட்ட குழம்பு. ஆறரைக்கெல்லாம் இலையில் உட்கார்ந்துவிட்டோம். அத்தை அவித்த பனங்கிழங்கைக் கட்டாகக் கட்டிக் காரில் வைத்தாள். "ஸ்டேடியத்துல வாங்கித் திங்காதிய, வயித்துக்கு ஆவாது."

மச்சினன் வண்டி ஓட்டினான். நாங்குநேரி வரை இரண்டு பக்கமும் ஆங்காங்கே பிசானப் பருவ நெற்பயிர், பச்சைப் பசேல் என்று. வள்ளியூர், காவல்கிணறு. முப்பந்தலில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. தென்மேற்குப் பருவக் காற்றில் பார்க்க வேண்டும் அவற்றை. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் மலை பக்கத்தில் வந்து, நாகர்கோவிலில் திருவிழா நெரிசல். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஊர்ந்தோம். களியக்காவிளையில் எழுத்து மாறியது, அவ்வளவுதான். பாலராமபுரம் தாண்டி பைபாஸ் பிடித்துக் கழக்கூட்டம் பக்கம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

தூரத்திலேயே வெள்ளைக் கூரை தெரிந்தது. கேரளப் பல்கலைக்கழக நிலத்தில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. தொடக்க விழாவும் நிறைவு விழாவும் இங்கேதான். அடுத்து தெற்காசியக் கால்பந்துக் கோப்பை, அதன் இறுதி ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றது. கிரிக்கெட்டுக்குக் கதவு திறந்தது 2017 நவம்பர் 7 அன்று. நியூசிலாந்தோடு டி20. நாள் முழுக்க மழை, எல்லோரும் கைவிட்ட நேரத்தில் தண்ணீரை வடித்து, ஆளுக்கு 8 ஓவர் என்று ஆடி, இந்தியா 67, நியூசிலாந்து 61. 29 வருஷம் காத்த ஊருக்கு 16 ஓவர். அந்த ராத்திரி ஆட்டம் நடந்தது அந்த மண்ணுக்கு அடியில் இருக்கிற வடிகாலால்தான் என்று மாமா நம்புகிறார், நானும் நம்புகிறேன். நேற்றைய ஆட்டம் இங்கே ஐந்தாவது சர்வதேச ஆட்டம்.

வாசலில் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பனங்கிழங்கைக் காரிலேயே விட்டிருந்தோம், நல்லவேளை. மேல் அடுக்குக்குப் படி ஏற வேண்டும். மாமாவுக்கு வலது முழங்கால் சரியில்லை. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி ஏறினார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். கடைசிப் படியில் கால் வைத்ததும் கீழே பச்சை ஒரேயடியாகத் திறந்துகொண்டது. மாமா கைப்பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "டிவியில பாக்குறத விட சின்னதா இருக்குல்லா" என்றார். குரல் கம்மியிருந்தது.

ஆனால் கூட்டம்? ஒன்றரை மணிக்கு முதல் பந்து போடும்போது எங்கள் வரிசையில் எங்களைத் தவிர நான்கே பேர். எதிர் அடுக்கில் நாற்காலிகளின் நிறம்தான் தெரிந்தது. போன செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவோடு நடந்த டி20க்கு இதே இடம் நிரம்பி வழிந்ததை டிவியில் பார்த்திருந்தேன். நேற்றோ பாதிக்கு மேல் காலி. காரணம் ஒன்றில்லை. தொடர் ஏற்கெனவே 2-0, முடிவு தெரிந்துவிட்டது. முந்தின நாள்தான் மகரவிளக்கு. தமிழ்நாட்டிலிருந்து வரக்கூடியவர்களுக்குப் பொங்கல். ஒரு நாள் முழுக்க உட்காரும் ஆட்டத்துக்குப் பொறுமையும் குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் டிக்கெட் விலை. குடும்பத்தோடு நான்கு பேர் என்றால் மேல் அடுக்குக்கே 5,200. பஸ் ஸ்டாண்டில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டு வந்த 25 வயதுப் பையன் இன்றைக்கு எப்படி வருவான்? அவனுக்கு இடம் வைக்காத ஸ்டேடியம் எவ்வளவு அழகாக இருந்தும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இதை யார் சரிசெய்ய வேண்டுமோ அவர்கள் சரிசெய்ய வேண்டும்.

ஆட்டத்துக்கு வருகிறேன். மாமா சொன்னபடி வாஷிங்டன் சுந்தர் அணியில். இந்தியா பேட்டிங். ரோஹித் 42, கில் 116. கில் அடிக்கும்போது பேட்டிலிருந்து வரும் சத்தம் மேல் அடுக்குக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. பந்து ஏற்கெனவே மட்டையை விட்டுக் கிளம்பியிருக்கும், அப்புறம்தான் "டொக்". கூட்டம் குறைவு என்பதால் இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. கோலி 110 பந்தில் 166, ஆட்டமிழக்கவில்லை. ஒரு நாள் ஆட்டத்தில் 46வது சதம். நேராக ஒரு சிக்ஸர், ஹெலிகாப்டர் மாதிரி மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி. இருந்த கொஞ்சம் பேரும் ஸ்டேடியம் நிறைந்த மாதிரி கத்தினார்கள். மாமா எழுந்து நின்று கை தட்டினார், முழங்கால் ஞாபகமே இல்லை.

நடுவில் ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது. கோலி அடித்த பந்தைத் தடுக்க எல்லைக்கோட்டுப் பக்கம் இரண்டு இலங்கை வீரர்கள், வாண்டர்சேயும் பண்டாராவும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்து மோதிக்கொண்டார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. பிசியோ குனிந்திருந்த நேரம் முழுக்க அங்கே யாரும் இரைச்சல் போடவில்லை. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லாத் திசையிலிருந்தும் கைதட்டல். மாமா பி.டி. வாத்தியார் குரலில், "கூப்பிட்டுக்கிடணும்லா... 'என் பந்து'ன்னு சத்தம் குடுத்துட்டு ஓடணும்" என்றார். அடிபட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்.

இந்தியா 390. வாஷிங்டனுக்கு பேட்டிங் வரவில்லை. சரி, பந்து போடுவார் என்று காத்திருந்தோம்.

அதற்கு சிராஜ் விடவில்லை. 40 ரன் எடுப்பதற்குள் இலங்கைக்கு 6 விக்கெட் போய்விட்டது, நான்கு சிராஜுக்கு. ஐந்தாவது விக்கெட் கிடைக்க வேண்டும் என்று ரோஹித் ஸ்லிப்பில், கீப்பருக்குப் பக்கத்தில், ஆளை அடுக்கிக்கொண்டே போனார். ஒருநாள் ஆட்டத்தில் இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. மேலிருந்து பார்க்க வயலில் நாற்று நடுகிறவர்கள் மாதிரி குனிந்து நின்றார்கள். ஐந்தாவது கிடைக்கவில்லை. ஆனால் அவர் போட்ட ஒரு பந்தைத் தடுத்துவிட்டு கருணாரத்ன கிரீஸுக்கு வெளியே நிற்க, சிராஜ் எடுத்து எறிந்தார். ஸ்டம்ப் பறந்தது. மாமா என் தொடையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். இன்னும் வலிக்கிறது.

22 ஓவரில் 73. அடிபட்ட பண்டாரா இறங்கவே இல்லை. 317 ரன் வித்தியாசம். ஆண்கள் ஒருநாள் ஆட்ட வரலாற்றில் அதுவரை யாரும் இவ்வளவு ரன்னில் ஜெயித்ததில்லை. 2008இல் அயர்லாந்தை நியூசிலாந்து 290 ரன்னில் வென்றதுதான் அதற்கு முன் சாதனை. வாஷிங்டன் பேட்டும் பிடிக்கவில்லை, பந்தும் போடவில்லை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பவுண்டரிப் பக்கம் வாஷிங்டன் வரும்போதெல்லாம் அவர் கண் அங்கேயே இருந்ததை நான் கவனித்தேன்.

2018இல் இங்கே நடந்த இன்னொரு ஒருநாள் ஆட்டத்திலும் வெஸ்ட் இண்டீஸ் 104க்குச் சுருண்டு, இந்தியா 15 ஓவருக்குள் முடித்துவிட்டது. இரண்டு ஒருநாள் ஆட்டமும் அரை நாளில் முடிந்த மைதானம். எட்டு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். காரில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்தோம். நார் பல்லில் மாட்ட மாட்ட மாமா முதல் ஓவரிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார். நாகர்கோவில் வரும்போது கில் 80இல் இருந்தார்.

நான்காம் நாள்: 16 ஜனவரி, திங்கள்

மாட்டுப் பொங்கல். மாமாவின் சொந்த ஊருக்குப் போனோம், சீவலப்பேரிப் பக்கம். மாட்டுக் கொம்புக்கெல்லாம் புதுப் பெயிண்ட். ஊருக்கு வெளியே பொட்டலில் பொங்கல் கிரிக்கெட் போட்டி, டென்னிஸ் பால். ஒரு பக்க எல்லை ஓடை, ஒரு பக்கம் உடை மரம், முள்ளுக்குள் போன பந்தை எடுப்பதற்கென்றே இரண்டு பொடியன்கள். பிட்ச்சை முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துத் தட்டி வைத்திருந்தார்கள். மாமா போனதும் முதல் வேலையாகக் குனிந்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். "பரவால்ல, கெட்டியாத்தான் இருக்கு."

பார்க்க வந்தவர்கள் நேற்று எங்கள் அடுக்கில் இருந்தவர்களை விட அதிகம். வேப்ப மரத்து நிழல், டிராக்டர் டிரெய்லர், கோயில் மதில் எல்லாம் ஆள். மைக்கில் ஒரு தம்பி வர்ணனை.

மாமாவை அம்பயராக நிறுத்திவிட்டார்கள். ஓவருக்கு நடுவே பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "சார், கோலிய நேர்ல பாத்தியளா?" மாமா கோலியைப் பற்றிச் சொன்னார், கில்லைப் பற்றிச் சொன்னார், சிராஜுக்கு நின்ற ஸ்லிப் வரிசையைத் தரையில் குச்சியால் கோடு போட்டே காட்டினார். 1988உம் வந்தது. சீக்கா யார் என்று ஒரு பையனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தனியாகச் சொன்னார்.

அடுத்த ஓவர் போட வந்தவனுக்குப் பதினாலு வயது இருக்கும். சட்டை முதுகில் வேர்வை. ஓடி வரும் இடத்துக்கு நடந்து போனவன் பாதியில் திரும்பி, டீப்பில், எல்லைப் பக்கம், நின்ற மூன்று பேரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

"ஏல, வாங்கல. கீப்பர் பக்கத்துல நில்லுங்க எல்லாரும்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வந்து நிற்கும்வரை கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்.